சாயத்தைத் தின்ற வெள்ளைத் தூள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கடலுக்குள் கால் நீட்டிப் படுத்திருப்பதுபோல் ஒரு நிலப்பகுதி. பெயர் கார்ன்வால். 1791-ல் அங்கே வில்லியம் கிரிகோர் என்றொரு பாதிரியார் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம்; மற்ற நாட்களில் கல், மண், அமிலக் குடுவை. மனாக்கன் என்ற சிற்றூரின் ஓடையோரத்திலிருந்து வந்த ஒரு பிடி மணல் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. வெடிமருந்துபோல் கன்னங்கரேல் என்றிருந்தது. காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. இரும்பு கலந்த மணல்தான் என்று எண்ணிய கிரிகோர், அமிலத்தில் இட்டு இரும்பைப் பிரித்தெடுத்தார். இரும்பு போன பிறகும் ஏதோ மிச்சமிருந்தது. அது வெள்ளையாக இருந்தது. அவர் அறிந்த எந்த உலோகத்தின் குணமும் அதற்குப் பொருந்தவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, பெர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத் என்ற பெரிய வேதியியலாளர் வேறொரு கனிமத்திலிருந்து ஒரு புதிய உலோகத்தின் ஆக்சைடைப் பிரித்தார். கிரேக்கப் புராணத்தில் பூமித்தாயின் பிள்ளைகளான டைட்டன்களின் பெயரால் அந்த உலோகத்துக்கு டைட்டானியம் என்று பெயரிட்டார். பிறகு கிரிகோரின் கரிய மணலையும் சோதித்துப் பார்த்தார். இரண்டிலும் இருந்தது ஒன்றேதான். பெயர் கிடைத்துவிட்டது, வேலைதான் கிடைக்கவில்லை. அசுரர்களின் பெயரைத் தாங்கிய அந்தத் தனிமம், நூறாண்டுக்கும் மேலாக அருங்காட்சியக அலமாரிகளில் உறங்கிக் கிடந்தது. அது விழிப்பதற்குள், அதன் எதிரி பிறந்துவிட்டது.

1856, ஈஸ்டர் விடுமுறை. லண்டனில் தன் வீட்டு ஆய்வறையில் 18 வயது வில்லியம் ஹென்றி பெர்க்கின் மலேரியாவுக்கு மருந்து தயாரிக்க முயன்றுகொண்டிருந்தார். சின்கோனா மரப்பட்டையிலிருந்து வரும் குயினைனை, நிலக்கரித் தாரின் சரக்குகளைக் கொண்டு செயற்கையாகச் செய்துவிடலாம் என்பது அவருடைய ஆசிரியர் ஹாஃப்மனின் கனவு. பையனுக்குக் கிடைத்ததோ கறுத்த சகதி. குடுவையைக் கழுவுவதற்காகச் சாராயத்தை ஊற்றினார். குடுவை முழுக்க ஊதா நிறம் பொங்கியது. பட்டுத் துணியை அதில் தோய்த்தார், துணியும் ஊதாவாயிற்று. தண்ணீரில் அலசினார், வெயிலில் போட்டார். நிறம் போகவில்லை.

‘மாவ்’ என்ற அந்த ஊதாவைச் சில ஆண்டுகளுக்குள் விக்டோரியா மகாராணியே உடுத்தினார். பெர்க்கின் படிப்பை விட்டுவிட்டு, லண்டனுக்கு வெளியே கிரீன்ஃபோர்டில் கால்வாய்க் கரையோரம் ஆலை போட்டார். எந்த வாரம் எந்தச் சாயம் காய்ச்சுகிறார்களோ, அந்த வாரம் கால்வாய்த் தண்ணீரும் அந்த நிறத்தில் ஓடும் என்று ஊரார் சொன்னார்கள். உலகத்தின் முதல் செயற்கைச் சாயத் தொழிலோடு, அதன் நிழலான சாயத் தண்ணீரும் அன்றைக்கே பிறந்துவிட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாருடைய கவனமும் வேறொன்றின்மேல் இருந்தது.

அந்த வேறொன்று, ‘சாயம் போகக் கூடாது’ என்ற ஒற்றை ஆசை. 1858-ல் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர் இரண்டு நைட்ரஜன் அணுக்களைக் கைகோக்க வைக்கும் வழியைத் திறந்தார். அதிலிருந்து ‘அசோ’ சாயங்கள் என்ற பெரும் குடும்பமே கிளைத்தது. 1876-ல் ஹைன்ரிச் காரோ மெத்திலீன் நீலம் என்ற அழகான நீலத்தை உண்டாக்கினார். வெயிலுக்கும் சோப்புக்கும் வியர்வைக்கும் அசைந்துகொடுக்காத மூலக்கூறுகளைத் தேடி வேதியியலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள், வென்றார்கள். துணியில் அழியாதது தண்ணீரிலும் அழியாது என்ற உண்மை அந்த வெற்றிக்குள்ளேயே ஒளிந்திருந்தது. இத்தனை உறுதியான நிறத்தை உடைக்கும் பல் உலகில் எதற்கு இருந்தது?

அந்தப் பல் அமெரிக்காவில் ஒரு உலோகவியலாளர் கையில் தட்டுப்பட்டபோது, அவருக்கு அது பல் என்று தெரியவில்லை. ஆகஸ்ட் ரோசி, டைட்டானியம் கலந்த இரும்புத் தாதுவுக்கு ஏதாவது பயன் தேடி ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டியவர். 1908 வாக்கில் அவரிடம் சேர்ந்திருந்த வெள்ளைத் தூளை எண்ணெயில் குழைத்துப் பூசிப் பார்த்தபோது, கண்ணைப் பறிக்கும் வெண்மை தெரிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் நார்வேயிலும் இரண்டு பேர் அதே வெண்மையை இல்மனைட் என்ற கரிய தாதுவிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1916-ல் நயாகராவிலும் நார்வேயின் ஃப்ரெட்ரிக்ஸ்டாடிலும் இரண்டு ஆலைகள் எழுந்தன. டைட்டானியம் டை ஆக்சைடு, ‘டைட்டானியம் வெள்ளை’ என்ற பெயரில் கடைக்கு வந்தது.

நேரமும் கூடி வந்தது. அதுவரை உலகத்தின் சுவர்களை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தது ஈய வெள்ளை. அது பெயின்டர்களின் உடம்பில் ஏறி, நரம்பைத் தின்று, ஆளையே முடக்கிய நஞ்சு. 1921-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஈய வெள்ளைக்குக் கட்டுப்பாடு கேட்டு ஓர் உடன்படிக்கையே கொண்டுவந்தது. நஞ்சில்லாத புதிய வெள்ளைக்குக் கதவு அகலத் திறந்தது. இனித் தேவையெல்லாம் கரிய மணல். அந்த மணலின் பெரும் குவியல் ஒன்று, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், தேங்காய் நார் மூட்டை ஒன்றில் ஒட்டிக்கொண்டு வெளியுலகுக்குத் தன்னைக் காட்டியிருந்தது.

அந்த மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையுடையது. அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், அங்கிருந்து கப்பலேறி வந்த கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். வாயு விளக்கின் மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் மோனசைட்டில் இருந்தது. உடனே கரையில் மணல் பிரிக்கும் வேலை தொடங்கியது. மோனசைட்டை எடுத்த பிறகு மலைபோல் மிஞ்சிய கரிய மணல்தான் இல்மனைட். கழிவென்று ஒதுக்கியிருந்த அந்த மணலுக்கு, வெள்ளை பெயின்ட் ஆலைகள் வந்ததும் விலை வந்தது. 1920-களில் அது கப்பல் கப்பலாகக் கடல் கடந்தது. உலகமே வெண்மையில் மகிழ்ந்திருந்த நேரத்தில், சுவர்களிலிருந்து முதல் புகார் வந்தது.

வெயில் படும் சுவரில் அடித்த புது பெயின்ட், சில காலத்துக்குள் தன் பளபளப்பை இழந்தது. விரலால் தடவினால் சுண்ணாம்புபோல் மாவு ஒட்டியது. வெள்ளைத் தூள் அப்படியேதான் இருந்தது; அதைப் பிடித்து வைத்திருந்த எண்ணெய்ப் பசைதான் காணாமல் போயிருந்தது. 1921-ல் சுவிட்சர்லாந்தின் லுகானோவிலிருந்து கார்ல் ரென்ஸ் என்பவர் ஒரு விசித்திரத்தை எழுதினார்: கிளிசரால் போன்ற கரிமப் பொருளோடு சேர்த்து வெயிலில் வைத்தால், வெள்ளை டைட்டானியம் தூள் கறுத்துப்போகிறது. 1929-ல் ஜெர்மனியின் வண்ணத் தொழில் இதழொன்றில் கைடல் என்பவர் இன்னொன்றை எழுதினார்: டைட்டானியம் வெள்ளையோடு கலந்த தார்ச்சாயங்கள் வெயிலில் வேகமாக வெளுக்கின்றன. ரேயான் நூலின் மினுக்கத்தைக் குறைக்க அதே தூளைக் கலந்தவர்களும் தலையில் கைவைத்தார்கள். வெயில் பட்ட நூல் நைந்துபோனது.

பெயின்ட் உலகத்துக்கு இது ஒரு நோய். அதற்கு மருந்து தேடினார்கள். ஒவ்வொரு துகளின்மேலும் சிலிக்காவும் அலுமினாவும் போர்த்தி, தூளின் வாயைக் கட்டினார்கள். வெண்மை மட்டும் வெளியே தெரிய வேண்டும், அதன் பசி அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த வேலை பல பத்தாண்டுகள் நடந்தது. ஆனால் லண்டனில் ஒருவர், பசி எங்கிருந்து வருகிறது என்றே பார்த்துவிடத் துணிந்தார்.

சார்லஸ் குடீவ், கனடாவில் பிறந்து லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பணியாற்றியவர். 1938-ல் அவரும் ஜே. ஏ. கிச்சனரும் டைட்டானியம் டை ஆக்சைடின்மேல் சாயத்தைப் படியவைத்து, புற ஊதா ஒளியைக் காட்டினார்கள். சாயம் வெளுத்தது. ஒளியை வாங்கிக்கொண்டது சாயமல்ல, தூள். தூளின் மேற்பரப்பில் உண்டான வேகம் கொண்ட ஆக்ஸிஜன்தான் சாயத்தைத் தாக்கியது. எல்லாம் முடிந்த பிறகும் தூள் கொஞ்சமும் செலவாகவில்லை. தான் கரையாமல் மற்றதைக் கரைக்கும் வினையூக்கி, அதுவும் ஒளிபட்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் வினையூக்கி! சாயநீரைச் சுத்திகரிக்கும் ஒளிவினையூக்கியின் முழுக் கருவும் அந்தக் கட்டுரையில் இருந்தது. அது பிறப்பதற்கு இன்னும் ஓரடிதான் பாக்கி. அடுத்த ஆண்டு உலகப்போர் மூண்டது.

குடீவ் கடற்படைக்குப் போனார். ஜெர்மனியின் காந்தக் கண்ணிவெடிகளிலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களைக் காக்கும் வேலையில் மூழ்கினார். போர் முடிந்து ‘சர்’ பட்டமும் பெற்றார்; சாயத்தைத் தின்னும் தூளுக்கு மட்டும் அவர் திரும்பவே இல்லை. பிற்காலத்தில் அந்தக் கட்டுரையைத் தேடியெடுத்து மேற்கோள் காட்டியவர்களில் சிலர் அவர் பெயரை ‘டூடீவ்’ என்று தவறாக அச்சிட, அந்தப் பிழையே கட்டுரையிலிருந்து கட்டுரைக்குத் தாவியது. கண்டுபிடித்தவரின் பெயருக்கே இந்த கதி என்றால், கண்டுபிடிப்பு என்ன பாடுபட்டிருக்கும்? அது தூங்கிக்கொண்டிருந்த அந்த வருடங்களில், எதிர்முகாம் தன் பெரிய ஆயுதத்தை இறக்கியது.

1956-ல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் ‘புரோசியான்’ என்ற பெயரில் முதல் ரியாக்டிவ் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ராட்டியும் ஸ்டீஃபனும் கண்ட வழி அது. பழைய சாயங்கள் பருத்தி இழையின்மேல் ஒட்டிக்கொண்டவை. ரியாக்டிவ் சாயமோ இழையோடு வேதிப்பிணைப்பாலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டது. துவைத்தாலும் போகாத பளீர் நிறம், ஏழையின் பருத்திச் சட்டைக்கும் வந்தது. பின்னலாடைத் தொழிலுக்கு அது வரம். அந்த வரத்துக்குள் ஒரு ஓட்டை இருந்தது. சாயத்தை இழையில் ஏற்ற உப்பை அள்ளிப் போட வேண்டும். அப்படியும் ஒரு பங்கு சாயம் இழையைப் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். வீணான சாயமும் போட்ட உப்பும் சேர்ந்து சாக்கடைக்குப் போயின. நுண்ணுயிர்களை வைத்துச் சுத்தம் செய்யும் தொட்டிகளில், கிருமிகளாலும் அந்தச் சாயத்தை எளிதில் தின்ன முடியவில்லை. வழி எங்கிருந்து வரும்? வந்தது டோக்கியோவிலிருந்து, சாயத்தோடு துளியும் தொடர்பில்லாத ஒரு சோதனையிலிருந்து.

1967. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா ஃபூஜிஷிமா ஆராய்ச்சி மாணவர். கெனிச்சி ஹோண்டா அவருடைய ஆசிரியர். ஒளியைக் குறைக்கடத்திமேல் பாய்ச்சித் தண்ணீரில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. துத்தநாக ஆக்சைடைப் போட்டால் ஒளி பட்டதும் அது தானே கரைந்துவிட்டது. வேறு பொருள் தேடிய ஃபூஜிஷிமா, கோபே நகரின் ஒரு நிறுவனத்திடமிருந்து ரூட்டைல் படிகம் ஒன்றை வாங்கினார். ரூட்டைல் என்பது படிக உருவிலிருக்கும் அதே டைட்டானியம் டை ஆக்சைடு. வைரம்போல் ஜொலிக்கும் அந்தக் கல்லை அறுத்து, கம்பி இணைத்து, தண்ணீரில் முக்கி, விளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். கல்லின்மேல் குமிழிகள் எழுந்தன. கம்பியின் மறுமுனையில் இருந்த பிளாட்டினத்திலும் குமிழிகள். விளக்கை அணைத்தால் குமிழி நின்றது. போட்டால் மறுபடி எழுந்தது. சோதனைக்குப் பிறகு படிகத்தைப் பார்த்தார். கரைந்ததற்கான அடையாளமே இல்லை.

கல்லில் எழுந்தது ஆக்ஸிஜன். பிளாட்டினத்தில் எழுந்தது ஹைட்ரஜன். ஒளி, தண்ணீரையே பிளந்திருந்தது. மின்வேதியியல் கூட்டங்களில் ஃபூஜிஷிமா இதைச் சொன்னபோது பெரியவர்கள் நம்ப மறுத்தார்கள். அவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் ஆக்ஸிஜன் வராது என்பது பாடநூல் தீர்ப்பு. 1969-ல் ஜப்பானிய மொழியில் வந்த கட்டுரை சலனமில்லாமல் அடங்கியது. 1972-ல் ‘நேச்சர்’ இதழில் இரண்டே பக்கம் வந்தது. அப்போதும் கதவு லேசாகத்தான் அசைந்தது. அதை உடைத்துத் திறந்தது, ஓராண்டு கழித்து அரபு நாடுகளில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு.

1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. பெட்ரோலுக்காக உலகமே தவித்தது. தண்ணீரையும் வெயிலையும் வைத்து எரிபொருள் தயாரிக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் ஒரு ஜப்பானிய மாணவனின் படிகத்தில் இருந்தது. 1974 ஜனவரி 1 அன்று ‘அசாஹி ஷிம்புன்’ நாளிதழ் அதை முதல் பக்கத்தில் போட்டது. ஃபூஜிஷிமாவின் குழு மொட்டைமாடியில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு டைட்டானியம் தகட்டைப் பரப்பியது. ஒரு நாள் முழுக்க வெயிலில் கிடைத்த ஹைட்ரஜன் சுமார் 7 லிட்டர் வாயு. நாட்டை ஓட்டும் எரிபொருளுக்கு அது எந்த மூலைக்கு? வெயிலில் புற ஊதா 5 சதவீதம்கூட இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடோ அந்தச் சிறு பங்கை மட்டுமே தொடும். ஹைட்ரஜன் கனவு மெல்லத் தளர்ந்தது. தளர்ந்த அந்தக் கனவின் உடைந்த துண்டை டெக்சாஸில் ஒருவர் குனிந்து எடுத்தார்.

படிகம் எதற்கு, கம்பி எதற்கு, பிளாட்டினம் எதற்கு? ஒரு துகளே ஒரு முழு மின்கலமாக வேலை செய்யுமே! டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் பார்ட், தன் ஆராய்ச்சி மாணவர் ஸ்டீவன் ஃபிராங்கோடு சேர்ந்து, வெறும் தூளைத் தண்ணீரில் கலக்கி ஒளி காட்டினார். தண்ணீரில் அவர்கள் கலந்திருந்தது சயனைடு. 1977-ல் முடிவு வெளிவந்தது: சயனைடு சிதைந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே கனடாவில் கேரியும் அவர் சகாக்களும், பிசிபி என்ற பிடிவாதமான நஞ்சிலிருந்து குளோரினை இதே தூளால் பெயர்த்திருந்தார்கள். தண்ணீரைப் பிளக்க வந்த தூள், தண்ணீரைக் கழுவ ஆரம்பித்திருந்தது. அது எப்படிக் கழுவியது என்பது தெரிந்தபோதுதான் பெயின்ட்காரர்களின் ஐம்பதாண்டுப் புதிரும் அவிழ்ந்தது.

துகளுக்குள் எலக்ட்ரான்கள் கீழ்த்தளத்தில் அடங்கிக் கிடந்தன. மேலே ஒரு பரண். நடுவே ஏற முடியாத உயரம். 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி வந்து மோதினால் ஓர் எலக்ட்ரான் பரணுக்குத் துள்ளியது. அது விட்டுச் சென்ற இடம் காலியான துளை. அந்தத் துளைக்கோ அடங்காத பசி. பக்கத்திலிருந்த தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கியது. பறிகொடுத்த தண்ணீர், ஹைட்ராக்சில் தனியுறுப்பு என்ற மூர்க்கமான துண்டானது. பரணேறிய எலக்ட்ரானைக் கரைந்த ஆக்ஸிஜன் வாங்கிக்கொண்டு தானும் ஆயுதமானது. எதிரே எந்தக் கரிமப் பொருள் இருந்தாலும் இவை கடித்துத் துண்டாக்கின. பெயின்டின் எண்ணெய்ப் பசை, ரேயான் நூல், தார்ச்சாயம் எல்லாம் இந்தக் கடிக்கு இரையானவைதான். துண்டுகள் மேலும் துண்டாகி, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீரும் சில உப்புகளுமாக முடிந்தன. நோய் என்று அரை நூற்றாண்டு வாயைக் கட்டி வைத்தது, உண்மையில் மருந்து.

மருந்தைச் சோதிக்க ஒரு நோயாளி வேண்டும். ஆய்வாளர்கள் கையில் எடுத்தது சாயம். சயனைடு போனதா என்று கருவி சொல்ல வேண்டும். சாயம் போனதைக் கண்ணே சொல்லிவிடும். 1989-ல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு அமைப்பைச் சேர்ந்த மேத்யூஸ், டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தின்மேல் மெத்திலீன் நீலத்தை ஓடவிட்டு, அது ஒளியில் சிதைவதை அளந்து காட்டினார். 1876-ல் காரோ உண்டாக்கிய அதே நீலம், இப்போது தன்னை அழிக்கும் தூளின் திறமைக்கு அளவுகோலாகிவிட்டது. 2010-ல் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு இந்தச் சோதனைக்கு ஒரு தர எண்ணே கொடுத்தது. நீலம் மறையும் குடுவையின் படங்களால் ஆய்விதழ்கள் நிறைந்தன. கவனமாகப் பார்த்தவர்களுக்கு மட்டும் அந்த நீலத்தின்மேல் ஒரு சந்தேகம் எழுந்தது.

நிறம் மறைந்தால் சாயம் அழிந்துவிட்டதா? மெத்திலீன் நீலத்துக்கு ஒரு மாய வித்தை உண்டு. எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் அது நிறமற்றதாகும். காற்று பட்டதும் மறுபடி நீலமாகத் திரும்பும். வேறு சாயங்களிலும் நிறத்தைத் தரும் ஒரு பிணைப்பு அறுந்தாலே தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் உடைந்த துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தே கிடக்கும். அசோ சாயங்களின் சில துண்டுகள் மூலச் சாயத்தைவிட நச்சானவை. ஆகவே, தண்ணீரில் மீந்திருக்கும் மொத்தக் கரிமத்தை அளந்து, அதுவும் இறங்கினால்தான் சுத்தம் என்ற கறாரான விதி வந்தது. அந்த அளவு, நிறத்தைவிட மெதுவாகவே இறங்கியது. தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீரல்ல என்ற பாடத்தோடு தூள் ஆய்வகத்தை விட்டு வெயிலுக்கு வந்தது.

ஜப்பானில் ஃபூஜிஷிமாவும் ஹஷிமோட்டோ கசுஹிட்டோவும் 1990 வாக்கில் வேறு பாதை எடுத்தார்கள். பெரிய தொட்டித் தண்ணீர் வேண்டாம், சுவரில் படியும் மெல்லிய அழுக்கும் கிருமியும் போதும் என்று, டோட்டோ நிறுவனத்தோடு சேர்ந்து ஓட்டின்மேல் தூளைப் படலமாக்கினார்கள். மருத்துவமனைச் சுவர்களில் அந்த ஓடுகள் ஏறின. 2001-ல் தானே அழுக்கைக் கழுவும் ஜன்னல் கண்ணாடி சந்தைக்கு வந்தது. 2003-ல் ரோம் நகரில் அதே தூள் கலந்த சிமெண்டில் ஒரு வெண்ணிறத் தேவாலயம் எழுந்தது. ஸ்பெயினின் அல்மேரியாவில், வளைந்த கண்ணாடிகளால் வெயிலைக் குழாய்களுக்குள் திருப்பி, நஞ்சு கலந்த தண்ணீரைச் சுத்தம் செய்யும் சோதனைகள் நடந்தன. வெயிலுக்குப் பஞ்சமில்லாத, சாயத் தண்ணீருக்கும் பஞ்சமில்லாத இன்னொரு ஊரும் இந்தக் கதைக்காகக் காத்திருந்தது.

நொய்யல் ஆற்றங்கரைத் திருப்பூர். பனியனும் பின்னலாடையும் உலகச் சந்தையைப் பிடித்தபோது, ரியாக்டிவ் சாயமும் உப்பும் நொய்யலில் இறங்கின. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழே இருந்த விவசாயிகள் அணையைத் திறக்கச் சொல்லிப் போராட வேண்டியவர்கள். திறக்காதே என்று போராடினார்கள். அந்த ஆண்டுகளில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வி. முருகேசனின் குழுவும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம். சுவாமிநாதனின் குழுவும் சாயக் கரைசல்களில் தூளைக் கலக்கி, தமிழ்நாட்டு வெயிலிலேயே வைத்துப் பார்த்தார்கள். 2002 முதல் 2004 வரை வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகள் உலகெங்கும் மேற்கோளாயின. ரியாக்டிவ் நீலமும் ரியாக்டிவ் மஞ்சளும் நம் சூரியனுக்குக் கீழே சிதைந்தன. ஒரு பழுப்புச் சாயத்தில், ஃபூஜிஷிமா ஒதுக்கிய துத்தநாக ஆக்சைடு டைட்டானியத்தையே முந்தியது. விடை கிடைத்துவிட்டதுபோல் தோன்றியது.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தால்தான் மறுபடி திறக்கலாம் என்ற நிலை. அந்த நெருக்கடியில் பட்டறைகள் நம்பியது ஒளிவினையூக்கியை அல்ல. ஆர்.ஓ. சவ்வுகளையும், கழிவைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கும் ஆவியாக்கிகளையும்தான். காரணம் எளிது. தூள் சாயத்தைத் தின்னும், உப்பைத் தின்னாது. அந்த உப்பே தூளின் தனியுறுப்புகளை வழிமறித்துத் தின்றுவிடும். தண்ணீர் அடர் நிறமாக இருந்தால் ஒளி உள்ளே இறங்காது. அழுக்கே தன் எதிரிக்குக் கதவடைத்துவிடும். மாவுபோன்ற நுண்துகளைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிரிப்பதும் பெரும்பாடு. ஆய்வகக் குடுவையில் ஜெயித்ததை ஆற்றங்கரைக்குக் கொண்டுவர இந்தச் சுவர்கள் ஒவ்வொன்றையும் உடைக்க வேண்டியிருந்தது.

உடைக்கும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 2001-ல் ஜப்பானில் தூளுக்குள் நைட்ரஜனைப் புகுத்தினார்கள். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்தது. அண்ணா பல்கலைக்கழகக் குழுவில் இருந்த எஸ். சக்திவேல், 2003-ல் ஜெர்மனியில் ஹோர்ஸ்ட் கிஷ்ஷோடு சேர்ந்து, கார்பன் கலந்த தூளைப் பகல் வெளிச்சத்திலேயே வேலை வாங்கினார். தூளைத் தண்ணீரில் கலக்கிவிட்டுத் தேடாமல், கண்ணாடி மணியிலும் இழையிலும் பூசி நிறுத்தும் வழிகள் வந்தன. உப்பேறிய முழுக் கழிவையும் அதன் தலையில் கட்டாமல், மற்றச் சுத்திகரிப்புகளுக்கு நடுவே, நுண்ணுயிர்கள் தின்ன மறுக்கும் சாயத்தைக் கடித்துத் துண்டாக்கிக் கொடுக்கும் பங்காளியாக அதை வைக்கலாம் என்ற தெளிவும் பிறந்தது.

இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் துரத்திய அந்தத் தூள், எங்கோ பூட்டி வைத்த அபூர்வச் சரக்கல்ல. காலையில் பல் துலக்கும் பற்பசையின் வெண்மை அது. மாத்திரையின் வெள்ளைப் பூச்சு அது. பொங்கலுக்கு வீட்டுச் சுவரில் அடிக்கும் வெள்ளை பெயின்டும் அதுவே, வாயைக் கட்டிய நிலையில். கார்ன்வால் பாதிரியாரின் காந்தத்தில் ஒட்டிய அதே வகைக் கரிய மணல், மணவாளக்குறிச்சிக் கரையில் இன்றும் அள்ளப்படுகிறது.

சாயம் போகக் கூடாது என்று மனிதர்கள் நூற்றைம்பது ஆண்டுகள் பாடுபட்டார்கள்; அதைப் போகச் செய்யும் ஆற்றலைக் குறை என்று சொல்லி, சிலிக்காப் போர்வைக்குள் மூடிவைத்தார்கள். பெயின்ட் ஆலையின் புகார்ப் புத்தகத்தில் இருந்த அந்தக் குறைதான் சாயநீருக்கான மருந்தாக மாறியது. தாது கிடைக்கும் கடற்கரையும், சாயம் ஓடிய ஆறும், ஆண்டு முழுக்க அடிக்கும் வெயிலும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. இவை மூன்றையும் ஒரு தொட்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கும் அத்தியாயம் மட்டும் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.